பிபிசி மைக்ரோ கணினியின் நிகழ்பட இணைப்பு

பிபிசி மைக்ரோ என்பது பிரித்தானியாவின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட 8-பிட் வீட்டுக் கணினி ஆகும். இதில் திரை உள்ளமைக்கப்படவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியையோ தனித் திரையகத்தையோ இணைத்தே பயன்படுத்த வேண்டும். இந்தியாவில் 1984-85இல் தொடங்கப்பட்ட 'கிளாஸ்' எனும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இக்கணினி பயன்படுத்தப்பட்டது.

வெளியீடுகள்

கணினியின் பின்புறத்தில் மூன்று நிகழ்பட வெளியீடுகள் உள்ளன.

* யுஎச்எஃப்: தொலைக்காட்சியின் ஏரியல் துளையில் இணைப்பதற்கானது. இது 36ஆம் அலைவரிசையில் படத்தை அனுப்புகிறது. 1980களின் தொடக்கத்தில் தூர்தர்ஷன் விஎச்எஃப் பட்டையில் ஒளிபரப்பியது. விஎச்எஃப் மட்டும் பெறும் பெட்டிகளில் இவ்வெளியீடு பயன்படாது.
* கூட்டு நிகழ்படம்: பிஎன்சி துளை வழியே 1 வோல்ட் அளவிலான குறிகையைத் தருகிறது. இயல்பாகக் கறுப்பு வெள்ளைப் படமே கிடைக்கும். மின்சுற்றுப் பலகையில் எஸ்39 எனக் குறிக்கப்பட்ட இணைப்பை மூடினால் 'பால்' முறை நிறமும் சேரும்.
* ஆர்ஜிபி: ஆறு முனை டின் துளை. சிவப்பு, பச்சை, நீலம், ஒத்திசைவு ஆகியவை தனித்தனிக் கம்பிகளில் செல்கின்றன. ஒவ்வொரு நிறமும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்ற இரு நிலைகளையே கொண்டிருப்பதால் மொத்தம் எட்டு நிறங்கள் கிடைக்கின்றன.

படத்தின் தெளிவு

பயன்முறை 0இல் திரை 640×256 புள்ளிகளைக் கொண்டது. ஒரு வரியில் 80 எழுத்துகள் அமையும். இதற்கு நொடிக்கு 1.6 கோடி புள்ளிகள் அனுப்பப்படுகின்றன. அடுத்தடுத்த புள்ளிகளைப் பிரித்துக் காட்ட ஏறத்தாழ 8 மெகாஎர்ட்சு பட்டையகலம் தேவை. தொலைக்காட்சி ஒளிபரப்பின் பட்டையகலம் ஏறத்தாழ 5 மெகாஎர்ட்சு மட்டுமே என்பதால், ஏரியல் துளை வழியே எழுத்துகள் மங்கித் தெரியும். ஆகவே 80 எழுத்து வரிகளுக்கு ஆர்ஜிபி திரையகமே ஏற்றது. 40 எழுத்து வரிகளைக் கொண்ட பயன்முறை 7 சாதாரணத் தொலைக்காட்சியிலும் படிக்கத்தக்கது.

படம் நடுங்கினால் *டிவி 0,1 என்ற கட்டளையால் பின்னல் வருடலை நிறுத்தலாம். அடுத்த பயன்முறை மாற்றத்தின்போது இது நடைமுறைக்கு வரும்.

தற்காலத் திரைகள்

இக்கணினி நொடிக்கு 15,625 கிடைவரிகளை அனுப்புகிறது. விஜிஏ திரையகங்கள் ஏறத்தாழ 31,500 வரிகளை எதிர்பார்ப்பதால், கம்பிகளை மட்டும் மாற்றி இணைத்தால் பெரும்பாலானவற்றில் படம் தோன்றாது. இடையில் வருடல் மாற்றி தேவை. கூட்டு நிகழ்பட உள்ளீடு கொண்ட தொலைக்காட்சியில் பிஎன்சி-ஆர்சிஏ மாற்றி ஒன்றே போதும். ஸ்கார்ட் உள்ளீட்டில் இணைக்கும்போது ஆர்ஜிபி குறிகையை மின்தடைகளால் 0.7 வோல்ட் அளவுக்குக் குறைக்க வேண்டும்.

எச்சரிக்கை

பழைய மின்வழங்கியில் உள்ள வடிகட்டு மின்தேக்கிகள் வெடித்துப் புகைவது இக்கணினியில் அடிக்கடி காணப்படும் பழுது ஆகும். பல்லாண்டுகள் பயன்படுத்தாத கணினியை இயக்குமுன் அவற்றை மாற்றுவது நல்லது. படக்குழாய்த் திரையகத்தினுள் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பயிற்சியற்றோர் அதைத் திறக்கலாகாது.