குழிந்த பிஸ்டனும் திருமலைச் சாலையும்

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் கீழ்க்கோடியில் நிற்கும்போது சிலிண்டருக்குள் உள்ள மொத்தக் கன அளவை, அது மேல்கோடிக்கு ஏறியபின் எஞ்சும் இடத்தின் அளவால் வகுத்தால் கிடைப்பது அமுக்க விகிதம். அது உயர உயர அதே எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை பெறலாம் என்றாலும், தரம் குறைந்த பெட்ரோல் அளவுக்கு மீறி அமுக்கப்பட்டால், தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன்பே மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொண்டு, மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்னும் தட்டலை எழுப்பி, நாளடைவில் பிஸ்டன் தலையையே ஓட்டையாக்கிவிடும். இத்தட்டலை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிக்கும் எண்ணே ஆக்டேன்.

இத்தட்டல் எளிதில் தலைகாட்டும் இடம் மலைச்சாலை. பொறியாளர் விசுவேசுவரய்யா வகுத்த திட்டப்படி அமைந்த திருப்பதி–திருமலை முதல் மலைச்சாலையைச் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் 1944 ஏப்ரல் 10 அன்று திறந்துவைத்தார். திருப்பதி அடங்கிய சித்தூர் மாவட்டம் அப்போது அம்மாகாணத்தைச் சேர்ந்தது, போர்க்காலப் பெட்ரோல் பங்கீடும் நடப்பில் இருந்தது. அதனால் பல பேருந்துகள் கரியிலிருந்து பெறும் கரிவாயுவில் ஓடின. அவ்வாயு உயர் அமுக்கத்தைத் தட்டலின்றித் தாங்கக்கூடியதாயினும், தாழ்ந்த பெட்ரோலுக்கென வடித்த எஞ்சின்களில் அந்த நற்குணம் வீணாகி, வலுவிழப்பே மிஞ்சியது. ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலுள்ள திருமலைக்குப் பாரத்தோடும் தாழ்ந்த கியரிலும் ஏறும் பெட்ரோல் வண்டியில் எஞ்சின் சூடேறுவதால், தட்டலுக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிந்து தட்டல் சற்றுத் தணியும், ஆனால் இழுவையும் உடன் குறையும்.

பின்னாளில் இச்சாலையில் ஏறிய அம்பாசிடர் கார்களின் 1489 சிசி எஞ்சின், இந்தச் சிக்கலுக்குத் தொழிற்சாலையே கண்ட தீர்வைக் காட்டுகிறது. பிரிட்டனில் 8.3 விகிதத்திலும் கிடைத்த அந்த எஞ்சின் இந்தியாவில் 7.2 விகிதத்தில் வந்தது. ஏனெனில் இங்கு நெடுங்காலம் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 83 மட்டுமே. ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகர்ந்து கடக்கும் கன அளவு 372 சிசி என்பதால், 8.3 விகிதத்துக்குப் பிஸ்டனுக்கு மேல் 51 சிசி இடமும், 7.2 விகிதத்துக்கு 60 சிசி இடமும் வேண்டும். இடைப்பட்ட 9 சிசியைத் தருவது பிஸ்டன் தலையில் கிண்ணம்போல் விடப்பட்ட குழிவு. இதற்குக் கொடுத்த விலை, கோட்பாட்டுக் கணக்கில், திறனில் நாலரை விழுக்காட்டுக்கு உட்பட்டதே. பிஸ்டன் உருகுவதைவிட அது மலிவு.

பட்டறைகளில் இதே பலனைப் பெற, பிஸ்டன் தலையை லேத்தில் கடைவது, ஹெட் கேஸ்கெட்டைத் தடிப்பாக்குவது என இரு வழிகள் உண்டு. கடைந்தால் உலோகம் மெலிந்து வெப்பம் தாங்காமல் போகலாம். கேஸ்கெட்டைத் தடிப்பாக்கினாலோ, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே கலவையைக் கலக்கிவிடும் குறுகிய இடைவெளி அகன்று தட்டலே திரும்பிவரலாம். ஆகவே, வார்ப்பிலேயே குழித்த பிஸ்டனே மேலானது. பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் பம்புசெட்டுகளில், எரிபொருளின் ஆக்டேன் மேலும் தாழ்ந்திருப்பதால், விகிதத்தை இன்னும் இறக்க வேண்டியிருந்தது.

பெட்ரோலின் ஆக்டேன் பின்னர் 87, 91 என உயர்ந்தது; அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு ஆக்டேன் குறைந்தது 95 இருக்க வேண்டும் என்பது விதி. விகிதத்தை இறக்கும் பிஸ்டனுக்கு அதில் தேவை இல்லை.