பெயர் பெற்றவரும் பெயர் இழந்தவரும்: சதுரங்கத் தொடக்கங்கள் சொல்லும் வரலாறு

பூன் லே என்னும் பெயரை இவ்வட்டாரத்தில் வாழும் நாம் நாள்தோறும் பலமுறை கேட்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். ஜூரோங் பகுதியில் பெருந்தோட்டங்களை வைத்திருந்த வணிகர் சியூ பூன் லே என்பவரின் நினைவாக அப்பெயர் வழங்கலாயிற்று. தோட்டங்கள் மறைந்து அடுக்குமாடிகள் எழுந்த பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது. உரிமையாளரின் பெயர் ஊருக்கு நின்றது. அம்மண்ணில் உழைத்தோரின் பெயர்களோ நிற்கவில்லை. ஊர்ப்பெயர்கள் சிலரை நினைவில் வைத்துப் பலரை மறக்கின்றன. சதுரங்க ஆட்டத்தின் தொடக்க முறைகளுக்கு வழங்கும் பெயர்களிலும் இதே இயல்பைக் காண்கிறோம்.

ஆட்டத்தின் முதற்சில நகர்வுகளையே தொடக்கம் என்கிறோம். அவற்றின் பெயர்கள் பல வழிகளில் பிறந்தவை. 1834ஆம் ஆண்டு இலண்டன், பாரிஸ் நகரங்களின் கழகங்கள் அஞ்சல்வழி ஆடத் தொடங்கின. அப்போட்டியில் பாரிஸ் அணி கையாண்ட முறை பிரெஞ்சுத் தற்காப்பு ஆயிற்று. காயைப் பலிகொடுத்து நலம் தேடும் தொடக்கத்தைக் குறிக்கும் கேம்பிட் என்னும் சொல், மற்போரில் காலை வாரிவிடுவதைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. 1924இல் நியூயார்க்கில் நடைபெற்ற போட்டியின்போது விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்று வந்த டார்டகோவர், தாம் ஆடிய புதுமையான தொடக்கத்திற்கு ஒராங் ஊத்தான் என்று பெயரிட்டார். 'காட்டு மனிதன்' எனப் பொருள்படும் அந்த மலாய்ச்சொல் நம் தீவில் அனைவரும் அறிந்தது. மலாய் நாட்டுச் சொல்லொன்று இவ்வாறு அமெரிக்கா வழியாகச் சதுரங்க நூல்களுள் புகுந்தது.

இவை சுவையான செய்திகள். ஆயினும், நாம் நின்று எண்ணிப் பார்க்கவேண்டிய பெயர் ஒன்று உண்டு. அது இந்தியத் தற்காப்பு.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்தவர் ஜான் காக்ரன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இவர், அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர். வங்காளத்து நாட்டுப்புறத்தில் தோல்வியே அறியாத ஒருவர் இருக்கிறார் என்று கேள்வியுற்ற அவர், அம்மனிதரைத் தேடிக் கண்டார். அவரே மகேஷ் சந்திர பானர்ஜி. இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர்.

பானர்ஜி பயின்று வளர்ந்தது இந்திய விதிமுறை. அம்முறையில் காலாள் தன் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையில் இரண்டு கட்டங்கள் தாவலாம். ஆகவே பானர்ஜியின் கை மெல்ல அடியெடுத்து வைக்கப் பழகியிருந்தது. காலாளை ஒரு கட்டம் உயர்த்தி, அதன் பின்னே மூலைவிட்டத்தில் அமைச்சரை நிறுத்தி, பலகையின் நடுவைத் தொலைவிலிருந்தே தாக்குவது அவர் வழக்கம். நடுக்கட்டங்களைக் காலாட்களால் உடனே கைப்பற்ற வேண்டும் எனக் கருதிய அன்றைய ஐரோப்பியருக்கு அது விந்தையாகத் தோன்றிற்று. அவ்விந்தைக்கே 'இந்திய' என்னும் அடைமொழி அமைந்தது.

காக்ரன் அவ்வாட்டங்களைக் குறித்து வைத்து இலண்டன் இதழ்களுக்கு அனுப்பினார். நாம் இன்று பானர்ஜியை அறிவது அதனால்தான். அந்த நன்றியை மறத்தல் தகாது. எனினும், அச்சேறிய ஆட்டங்கள் பலவற்றில் அவர் 'பிராமணர்' என்றே சுட்டப்பட்டார். எதிரே அமர்ந்தவருக்குப் பெயர் இருந்தது. இவருக்குச் சாதி மட்டுமே இருந்தது.

1855ஆம் ஆண்டு மே மாதத்து ஆட்டம் ஒன்று இதனை மேலும் விளக்கும். கறுப்புக் காய்களுடன் ஆடிய பானர்ஜி, முதல் மூன்று நகர்வுகளிலேயே ஒரு புதிய அமைப்பைக் காட்டினார். அன்று வென்றவர் காக்ரன். 67 ஆண்டுகள் கழித்து, 1922இல், வியன்னா நகரத்து எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் அதே அமைப்பைப் பெரும்போட்டிகளில் ஆடினார். இன்று அது குருன்ஃபெல்ட் தற்காப்பு. அவர் அதனை ஆராய்ந்து வளர்த்தவர். ஆதலின் அப்பெயரை முறையற்றது என்று நாம் கூறவில்லை. முதலில் ஆடியவருக்கே பெயர் சேரும் என்னும் நம் எண்ணம் தவறு என்பதே இங்குப் பெறப்படும் உண்மை. எழுதியவருக்கும், எழுதப்பட்ட மொழிக்கும், அதைப் படித்த நகரங்களுக்குமே பெயரிடும் ஆற்றல் வாய்த்தது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பார் சமஸ்கிருதத்தில் இயற்றிய சதுரங்க நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1814இல் பம்பாயில் அச்சாயிற்று. பானர்ஜிக்கு முந்திய தலைமுறையினரான அவரைச் சதுரங்க வரலாறு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவர் தாமே எழுதினார் என்பதே வேறுபாடு.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், நம் சென்டோசாத் தீவில் உலக வாகையர் போட்டியின் பதினான்காம் ஆட்டம் நடைபெற்றது. சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் அதில் வென்று வாகை சூடினார். அன்று டிங் லிரென் வெள்ளைக் காய்களுடன் அமைத்த தொடக்கம், குருன்ஃபெல்ட் முறையை நிறம் மாற்றி ஆடுவதாகும். கல்கத்தாவில் வங்காளத்து நாட்டுப்புறத்தார் ஒருவர் காட்டிய அமைப்பு, 169 ஆண்டுகளுக்குப் பின் நம் கரைக்கு வந்து சேர்ந்தது. வந்தபோது அதன்மேல் இருந்தது வேறொருவர் பெயர்.

போட்டிகளில் ஆடும் மாணவர் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதுவர். அத்தாளின் தலைப்பில் இருவர் பெயருக்கும் இடம் உண்டு. அதனை முழுமையாகவும் பிழையின்றியும் நிரப்பச் சொல்வது ஆசிரியர் செய்யத்தக்க சிறு பணி. தொடக்கம் ஒன்றைக் கற்பிக்கும்போது, இப்பெயரை யார் இட்டனர், யாரை விட்டனர் என்று கேட்கவும் பழக்குவோம். ஊர்ப்பெயராயினும் ஆட்டப்பெயராயினும் அக்கேள்வி ஒன்றே.