திருக்குடும்ப விழாவும் கடலூரின் கண்ணீரும்

2004 டிசம்பர் 26, திருக்குடும்ப விழா ஞாயிறு. குழந்தை இயேசுவோடு மரியாவும் யோசேப்பும் எகிப்துக்குத் தப்பிச் சென்றதே அன்றைய நற்செய்தி (மத் 2:13-15,19-23). அதே காலையில் தேவனாம்பட்டினம் முதலிய கடலூர்க் கடலோர ஊர்களைச் சுனாமி தாக்கியது. 2011 டிசம்பர் 30, மீண்டும் திருக்குடும்ப விழா. அன்று ‘தானே’ புயல் பண்ருட்டிப் பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது.

திருக்குடும்பமும் வீட்டை விட்டு ஓடிய குடும்பமே. ஆபத்து வந்தது, கடவுளும் உடன் வந்தார். யோசேப்பு எழுந்தார், நடந்தார், நாசரேத்தில் குடியமர்ந்தார். முந்திரி ஒட்டுக்கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். வெறுமையான நிலத்தில் அதை நட்டவர்களின் செயலே எதிர்நோக்கு. இழந்தோரிடம் ‘எல்லாம் இறைசித்தம்’ என்று சொல்லிக் கடந்துபோகாமல், கன்று காய்க்கும்வரை நாம் உடனிருப்போம். இம்மானுவேல் என்றால் ‘கடவுள் நம்மோடு’ அல்லவா?