புதுச்சேரியில் பிரெஞ்சு மொழி

பிரெஞ்சிந்தியாவின் தலைநகராக இருந்த புதுச்சேரியில் 1954 வரை ஆட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் உயர்கல்விக்கும் உரிய மொழி பிரெஞ்சு. இன்று அதை வீட்டில் பேசுவோர் சில குடும்பத்தாரே.

பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் 1674-இல் இங்கே பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிறுவினார். அதன் பிறகும் ஊரார் பேசியது தமிழே. ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரான) ஆனந்தரங்கப் பிள்ளைகூடத் தம் நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார். பிரெஞ்சை வீட்டு மொழியாகக் கொண்டவர்கள் இரு சாரார். ஒரு சாரார், ஐரோப்பிய, இந்தியக் கலப்பில் வந்த கிரியோல் குடும்பத்தார். மற்றொரு சாரார், 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி தம் சாதி, சமய வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு உட்பட்ட ‘ரெனோன்சான்’களில் படித்த சிலர். ரெனோன்சான்கள் பலர் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் சூடிக்கொண்டனர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாப்போர்த் ஆனது அவ்வாறே.

ஆட்சி 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் கைக்கு வந்தது. இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 28-ஆம் பிரிவு, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. ஆனால் 1965-ஆம் ஆண்டின் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கும், அதே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாகேயில் மலையாளத்துக்கும், ஏனாமில் தெலுங்குக்கும், கூடவே ஆங்கிலத்துக்கும் இடம் தந்தது. அலுவலகக் கோப்புகளில் ஆங்கிலம் ஏறியது.

சட்டத்தைவிடப் பெரிய அடி குடியுரிமையால் விழுந்தது. ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அப்படித் தேர்ந்தவர்களில் அரசு ஊழியர்களும், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெற்ற ‘சொல்தா’க்களும் உண்டு. பிரெஞ்சை நன்கு அறிந்தவருக்கே பிரான்சில் வேலையும் வாழ்வும் எளிதாகக் கிடைத்தன. அவர்களே முதலில் கப்பலேறினர். மொழி வளர்ந்தால் ஊர் அதன் பேச்சாளரை இழக்கும் என்ற விசித்திர நிலை இது. இங்கேயே தங்கிய குடும்பங்களில் கடவுச்சீட்டு பிரெஞ்சாகவும் பேச்சு தமிழாகவும் அமைந்தன.

பிரெஞ்சுக் கல்வி நின்றுவிடவில்லை. 1826-இல் தோன்றிய பள்ளி இன்று லிசே பிரான்சே என்று இயங்குகிறது. 1889 முதல் அலியான்சு பிரான்சேசு வகுப்புகள் நடத்துகிறது. 1955-இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வந்தது. மற்றப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுப்போரும் உண்டு. இவை மொழியைப் பாடமாகக் காக்கின்றன, பேச்சாக அல்ல. சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் ‘ரூ துய்மா’ பெயர்ப்பலகையையும் காவலரின் சிவப்புக் கெப்பித் தொப்பியையும் பிரெஞ்சு வாழ்வதற்குச் சான்றாகக் கொள்வது பிழை.

2022-ஆம் ஆண்டு பிரெஞ்சு அதிபர் தேர்தலில் புதுச்சேரி, தமிழ்நாடு, கேரளப் பகுதிகளில் வாக்காளர் பட்டியலில் இருந்தோர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பலருக்குத் தாய்மொழி தமிழ்.