நாடியும் தமனியும்: உடலுறுப்புச் சொற்கள் இரு கரைகளில்

1990இல் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபோது மன்னார்ப் பகுதியின் மடு மாதா கோயிற் சூழல் இடம்பெயர்ந்தோரின் ஊராயிற்று. ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஆணையம் அதே ஆண்டில் அங்கே திறந்த நிவாரண நிலையம் அமைத்தது. 1992 முதல் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களிற் சிலவும் அங்கு வந்து தங்கின. மண்டபம் முகாமில் ‘செரிமான மண்டலம்’ படித்த பிள்ளைக்கு இங்கே ‘சமிபாட்டுத் தொகுதி’ புதுப் பாடம். குடல் ஒன்றுதான், கடல்தான் இடையில், தலைமன்னாரிலிருந்து இந்தியக் கரைக்குச் சுமார் 30 கிலோமீற்றர். இந்தப் பிளவுக்கு ஒரு வரலாறு உண்டு.

மேலைநாட்டு உடற்கூற்றியல் தமிழில் முறையாகக் கால் பதித்தது யாழ்ப்பாணத்து மானிப்பாயில். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்தவர். மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். கட்டர் என்பாரின் பாடநூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என 1857இல் அச்சேறியது: உடலமைப்பு, உடலியக்கம், நலம்பேணல் என்ற மூன்றுக்கும் கிறீன் இட்ட பெயர்கள் அவை. லண்டனில் 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆனது. பதினான்கே ஆண்டு இடைவெளி. இன்றைய மொழிபெயர்ப்பு வேகத்தோடு ஒப்பிட்டால் நமக்குத்தான் வெட்கம்.

கிறீனின் சொல்லாக்க விதி எளிது: முதலில் தமிழில் தேடு, இல்லையேல் வடமொழியில், அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசையவை. வேதியியல் ‘கெமிஸ்தம்’ ஆனது இந்த மூன்றாம் வழியில். ‘அங்காதிபாதம்’ என்ற சொல்லில் எனக்குக் கேசாதிபாதப் பாட்டின் சாயல் தெரிகிறது. தலைவியையும் தெய்வத்தையும் முடி முதல் அடி வரை பாடிப் பழகிய மொழிக்கு உடற்கூற்றியலும் அந்த வாசல் வழியே நுழைந்தது போலும். ஆயினும் அச்சொல் நிலைக்கவில்லை. 1873இல் கிறீன் நாடு திரும்பிய பின் தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நெடுநாள் நீடிக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொற்கள் பள்ளிக்கூடத்துக்காகத் திரும்பி வந்தன. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மட்டக்களப்புப் பகுதிக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அதுவரை இரு கரையும் ஒரே மேசையில் அமர முடிந்தது. பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களமும் தமிழ்நாட்டில் பாடநூல் குழுக்களும் தத்தம் வழியே போயின. இங்கே கலம், இழையம், சதையி. அங்கே செல், திசு, கணையம். நுரையீரலின் கீழுள்ள தசைத் தகடு இங்கே பிரிமென்றகடு, அங்கே உதரவிதானம்.

குருதிக் குழாய்களில்தான் சிக்கல் முற்றுகிறது. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது இங்கே நாடி, அங்கே தமனி. இதயத்துக்குக் கொண்டு வருவது இங்கே நாளம், அங்கே சிரை. ‘நாடி’க்கு ஒரு வலு உண்டு: வைத்தியர் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பதும் அந்தக் குழாயின் துடிப்பைத்தான். இடரும் உண்டு: சித்த மருத்துவம் கணக்கிடும் 72,000 நாடிகள் கத்திக்கு அகப்படும் குழாய்கள் அல்ல. ‘நாளம்’ இன்னும் மோசம். தமிழ்நாட்டுப் பாடநூலின் ‘நாளமில்லாச் சுரப்பி’யில் நாளம் என்பது சுரப்பை வெளியேற்றும் குழாய், மன்னார் மாணவர் அதை இரத்தம் திரும்பிச் செல்ல வழியற்ற சுரப்பி என்று வாசிப்பார். அதே சுரப்பி அவருக்கு ‘அகஞ்சுரக்கும் சுரப்பி’. என் கணிப்பில் இதுவே பொருத்தமான பெயர்: இல்லாததைச் சுட்டாமல் நடப்பதைச் சொல்கிறது.

எல்லாச் சொல்லும் குழுக்களின் மேசையில் பிறந்தவை அல்ல. மீன் மூச்செடுக்கும் உறுப்பை இலங்கைப் பாடநூல்கள் ‘பூ’ என்கின்றன. அங்கே அது செவுள். மன்னாரின் பேசாலைக் கரையில் மீன் வாங்குகிறவர் பூவைத் தூக்கி நிறம் பார்க்கிறார். சிவந்திருந்தால்தான் விலை பேசுவார்.