முப்பது ஆண்டுத் தவணை

நாடு விடுதலை பெற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றானார்கள்.

மதுரை-இராமநாதபுரத்துக்கு முதல் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். வயது 37. ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபையின் மிஷனரி. அந்தச் சபையில் பேராயர் பதவியே கிடையாது. மதுரைச் சபையாருக்கும் அது புதுசு. 1834 முதல் இங்கே பணிசெய்த அமெரிக்கன் மிஷன் வழி வந்தவர்கள், சபை கூடி முடிவெடுத்தே பழகியவர்கள். இராமநாதபுரம் பக்கமோ, பேராயர் தலையில் கைவைத்தால்தான் குருப்பட்டம் என்று நம்பிய ஆங்கிலிக்கன் சபையாரும் இருந்தார்கள்.

பேராயர் கைவைக்காத ஆயர் நடத்தும் திருவிருந்து செல்லுமா? 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய இணைப்புப் பேச்சு இந்தக் கேள்வியில்தான் திரும்பத் திரும்பச் சிக்கி, 28 ஆண்டு இழுத்தது. முன்னின்று உழைத்த பேராயர் அசரியா, 1945 புத்தாண்டு அன்று காலமானார், இணைப்பைப் பார்க்கவில்லை. லண்டனில் கவிஞர் டி. எஸ். எலியட்கூட இந்த இணைப்பை எதிர்த்துச் சிறு நூல் எழுதினார். (நம்ம ஊர் ஆயர்கள் விவகாரம் எங்கே போயிருக்கிறது பாருங்கள்!)

கடைசியில் யார் கொள்கை சரி என்று தலைவர்கள் தீர்ப்பு எழுதவில்லை. இனி நடக்கும் குருப்பட்டமெல்லாம் பேராயர் கையால். ஏற்கெனவே ஆயராக இருப்பவர்களுக்கு மறுபடி பட்டம் இல்லை, அப்படியே ஏற்பது. தாய்ச் சபைகளிலிருந்து பிறகு வருவோர் பற்றி 30 ஆண்டு கழித்துத் திருச்சபையே முடிவு செய்யட்டும். எந்தச் சபையும் மனச்சாட்சிப்படி ஏற்காத ஆயரை அதன்மேல் திணிப்பதில்லை என்று வாக்குறுதியும் கொடுத்தார்கள்.

தட்டிக்கழித்தார்கள் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டிக்கழிப்பவன் கேள்வியை மறைப்பான். இவர்கள் அதை எழுதிவைத்துத் தவணையும் குறித்தார்கள்.

சேதம் இல்லாமல் இல்லை. ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையார் பலர் வெளியே நின்றார்கள். 1948-ல் லாம்பெத்தில் கூடிய உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள், புதிய திருச்சபையின் பட்டங்கள் செல்லுமா என்பதில் ஒருமனப்படவில்லை. பெரும்பான்மையோர் செல்லும் என்றார்கள். கணிசமானோர் இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

நியூபிகின் அவர்கள் ஒருமனப்படும்வரை காத்திருக்கவில்லை. கிராமம் கிராமமாகச் சபைகளைப் பார்க்கப் போனார். அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். 1959 வரை மதுரையில் இருந்தார். 1995-ல், எண்பதைக் கடந்த வயதில், அவர் வெளியிட்ட சிறு நூலின் பொருளே விசுவாசமும் சந்தேகமும் நிச்சயமும்தான்.

அவர் உங்கள் கிராமத்துக்கு வந்ததைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருந்தால், கீழே எழுதுங்கள்.