பத்து விழுக்காடு: நந்தனம் புத்தகக் காட்சியின் கழிவு விதியும் கூட்டு ஆளுகையும்

நந்தனத்தில் கூடும் சென்னைப் புத்தகக் காட்சியில் எந்த அரங்கில் வாங்கினாலும் கழிவு 10 விழுக்காடு. நான்கு அரங்குகளைச் சேர்த்து எடுத்த பதிப்பகமும் ஒற்றை அரங்கில் ஒடுங்கி நிற்கும் பதிப்பகமும் அதே கணக்கில்தான் ரசீது போடுகின்றன. இலாப நோக்கற்ற அமைப்புகளின் கூட்டு ஆளுகையை ஆராய்வோரில் ஒரு சாரார் இவ்விதியை வணிகர்களின் விலைக்கட்டு என்று படிக்கக்கூடும். அப்படிப் படித்தால், காட்சியை நடத்தும் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் (பபாசி) அவர்கள் ஆய்வெல்லைக்கு வெளியே நின்றுவிடும். அரசுத் துறையும் அமர்ந்திருக்கும் மேசையில் எடுத்த முடிவுதான் கூட்டு ஆளுகை என்பது அவர்கள் அளவுகோல். விலைக்கட்டு என்ற வாசிப்பு பிழையானது என்று கருதுகிறேன்.

விலைக்கட்டு என்றால் அது விலையைக் கட்ட வேண்டும். இவ்விதி விலையைத் தொடுவதே இல்லை. பின்னட்டையில் என்ன விலை அச்சிடுவது என்பது பதிப்பாளர் உரிமை. 100 ரூபாய் நூல் 90க்கும் 600 ரூபாய் நூல் 540க்கும் போகின்றன. பக்கத்து அரங்கின் கூட்டத்தைக் கழிவைக் காட்டி இழுக்கும் வலிமை ஒன்றைத்தான் சங்கம் கட்டிப்போடுகிறது. கிடங்கு நிறைய இருப்பு வைத்திருப்பவர் 40 விழுக்காடு கொடுத்தாலும் தாங்குவார். அச்சகத்தில் பாக்கி வைத்துவிட்டு ஐந்தாறு புது நூல்களோடு வருபவர் மூன்றாம் நாளே மூட்டை கட்டிவிடுவார். அந்த வழி அடைபட்டிருப்பதால் போட்டி நூற்பட்டியலுக்கு நகர்கிறது. கவிதை மட்டுமே போடும் பதிப்பகமும் தைப் பொங்கலை ஒட்டிய அந்நாட்களில் நின்று விற்க முடிகிறது.

பொதுவளங்களை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் மேய்ச்சல் நிலத்தையும் பாசன நீரையும் மக்கள் தாமே விதி செய்து காத்த முறைகளை விளக்கினார். நந்தனத்தில் பொதுவளம் எது? ஒரே கூரைக்கடியில் வந்து சேரும் வாசகர் கூட்டம். எவருக்கும் அது தனிச் சொத்தல்ல. ஒருவர் அளவு மீறி இறைத்தால் கடைமடைக்குப் போய்ச் சேராது. முறை வைத்து மடை திறந்த ஏரிப்பாசன ஊர்களுக்கு இத்தகைய ஏற்பாடு புதிதன்று. ஒப்புமையை மிகைப்படுத்த விரும்பவில்லை. நீரைப் போலக் கூட்டத்தை அளந்துவிட முடியாது. ஆனால் விதிக்குக் கட்டுப்படுவோரே விதியைச் செய்கிறார்கள் என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது.

வாசகருக்கு மலிவு விலை கிடைக்காமல் போகிறதே என்பார்கள். ஓராண்டு மலிவுக்காகப் பத்துச் சிறு பதிப்பகங்களை இழப்பது வாசகருக்கு இலாபமாகாது. அங்கங்கே கூடுதல் கழிவு கொடுப்பவர்களும் உண்டே என்பார்கள். மீறல் இருப்பதனாலேயே விதி இல்லையென்று ஆகிவிடாது.

விதி இடம் கொடுக்கும் நிலக்காரர் இட்டதன்று, சங்கத்துடையது என்பதற்குக் காட்சியின் இடமாற்றங்களே சான்று. 1977இல் மதரஸா-இ-ஆசம் பள்ளியில் தொடங்கிய காட்சி, பல ஆண்டுகள் காயிதே மில்லத் கல்லூரியில் நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தால் தள்ளிப்போய் 2016 ஜூனில் தீவுத்திடலுக்குச் சென்றது. இன்று அது கூடுவது ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி அமைந்த ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில். சங்கத்தின் உள்ளமைப்பும் கவனத்துக்குரியது. துணைத் தலைவர் பதவி தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று எனப் பிரிந்திருக்கிறது. விற்பனையில் எந்தப் பிரிவு மேலோங்கினாலும் மற்றதற்கு நாற்காலி உறுதி.

என் வாசிப்புக்கு எதிரான வலுவான சான்று 2020 ஜனவரியில் நிகழ்ந்தது. முதலமைச்சர் தொடங்கிவைத்த அக்காட்சியில், அரசை விமர்சிக்கும் நூல்களை விற்றதாகக் கூறி ஓர் அரங்கைக் காலி செய்யச் சொன்னது சங்கம். எழுத்தாளர்கள் பலர் எதிர்த்தனர். சங்கத்துக்கு ஆளும் தகுதியே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர் இருவேறு விதிகளைக் குழப்புகின்றனர். கழிவு விதி உறுப்பினர் ஒருவரையொருவர் நோக்கிச் செய்துகொண்டது. நூலுக்குள் என்ன இருக்கிறதென்று அது பார்ப்பதில்லை. அரங்கை வெளியேற்றிய முடிவோ உறுப்பினர்களுக்கு அப்பால் இருப்பவரின் மனத்தாங்கலை நோக்கியது. முன்னதைக் கூட்டு ஆளுகை என்று தயங்காமல் சொல்வேன். பின்னது அதிலிருந்து வழுவியது. அதைத் தவறென்றே சொல்ல வேண்டும். கழிவில் எல்லோரையும் சமமாக நிறுத்திய சங்கம், இனி எந்த அரங்கையும் அதன் நூல்களுக்காக மூடக் கருதினால், அம்முடிவை உறுப்பினர் அனைவரின் வாக்குக்கு விட வேண்டும்.